பள்ளி கொடுத்த குரோம்புக்கும் கூகுள் கணக்கும்: நாலு வருஷம் வைத்திருந்த ஆசிரியரின் மதிப்புரை

போன மாதம் பள்ளி மாறினேன். பழைய பள்ளியில் கொடுத்திருந்த குரோம்புக் (கூகுளின் குரோம் மென்பொருளில் ஓடுகிற லேப்டாப்), சார்ஜர், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நாலு வருஷம் தினமும் கையோடு இருந்த பொருள், கூடவே ஒரு கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் கணக்கு, அதாவது மின்னஞ்சல், டிரைவ், கிளாஸ்ரூம் எல்லாம் சேர்ந்து வருகிற பள்ளிக் கணக்கு. இரண்டையும் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், ஏனென்றால் படிக்கக் கிடைக்கிற மதிப்புரைகள் எல்லாம் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், கீபோர்டு எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஓர் ஆசிரியருக்கு அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கருவி நம்முடையது கிடையாது, பள்ளியுடையது. அதில் இருக்கிற விவரங்களும் நம்முடையவை கிடையாது, பிள்ளைகளுடையவை. அப்படிப்பட்ட பொருளை ஒழுங்காகப் பயன்படுத்த இது நமக்கு எவ்வளவு கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளின் விஷயம் என் சொந்த ஃபோனுக்குள் வந்து சேராமல் இது பார்த்துக்கொண்டதா? மதிப்பெண், வீட்டு விவரம், புகைப்படம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாணவி அனுப்பும் செய்தி, எதுவாக இருந்தாலும் சரி. அது பள்ளிக் கணக்குக்குள்ளேயே இருக்கிற அளவுக்கு இந்த ஏற்பாடு நல்லது. அது என் சொந்த ஃபோன் பக்கம் நழுவுகிற இடமெல்லாம் இதன் குறை.

கருவியைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். சின்ன மாடல், எடை குறைவு, மூடித் திறந்தால் உடனே வேலைக்குத் தயார், அப்டேட் தானாகவே வரும். குரோம்புக்குகள் கடைக்கு வந்தது 2011-இல், பாடப்பணி கொடுத்து வாங்குகிற கூகுள் கிளாஸ்ரூம் வந்தது 2014 ஆகஸ்டில், இரண்டும் பள்ளிக்கூடங்களில் நன்றாகவே அடிபட்டுத் தேறியவை. ஸ்பீக்கர் மட்டும் வகுப்பறைக்குப் போதாது. அவ்வளவுதான்.

இனி முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாள். எல்லாப் பள்ளியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும், தொழில்நுட்பப் பயன்பாட்டு ஒப்பந்தம் என்றோ, ஊழியர் இணைய விதிமுறை என்றோ. எனக்குக் கொடுத்தது இரண்டு பக்கம். சேர்ந்த அன்றைக்குப் பத்துத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் இதுவும் ஒன்று, படிக்காமலேயே போட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு தவறு செய்த பிறகுதான் (அதற்கு வருகிறேன்) உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பள்ளிக் கணக்கைப் பள்ளி வேலைக்கு மட்டும் பயன்படுத்தணும், பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது, மாணவர்களோடு சொந்த எண்ணிலிருந்து பேசக் கூடாது, மாணவர் விவரங்களைச் சொந்தக் கருவியில் வைக்கக் கூடாது, அனுமதி இல்லாத செயலியைப் போடக் கூடாது, பயன்பாடு கண்காணிக்கப்படலாம். எல்லாம் நியாயமான விதிகள்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. பெரும்பாலான வரிகள் ‘கூடாது’ என்று முடிகின்றன, சரி அப்படியானால் என்ன செய்வது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொந்த எண்ணிலிருந்து பேசக் கூடாது, சரி, சுற்றுலா போகும் வழியில் பஸ் பழுதானால் எந்த எண்ணிலிருந்து பெற்றோரைக் கூப்பிடுவது? விதியை மீறுகிற ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் அவசரத்தில் மீறுகிறார்கள், பிள்ளைகளுக்கு உதவத்தான் மீறுகிறார்கள். நாலு வருஷம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

கண்காணிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். குரோமில் மேல் மூலையில் இருக்கிற மூன்று புள்ளி மெனுவைத் திறந்தால் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தட்டுங்கள். நிர்வாகிக்கு உங்கள் கருவியிலிருந்தும் பிரவுசரிலிருந்தும் என்னென்ன தெரியும் என்று ஒரு பக்கம் திறக்கும். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை, நானே இரண்டாம் வருஷம்தான் பார்த்தேன். மின்னஞ்சல் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் வால்ட் என்று ஒரு வசதி இந்தக் கல்விப் பதிப்பிலேயே வருகிறது. பள்ளி அதில் விதி போட்டு வைத்திருந்தால், நீங்கள் ஒரு மின்னஞ்சலை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தாலும், அது வால்ட்டில் இருக்கும், தேடி எடுக்க அதிகாரம் உள்ளவரால் எடுக்க முடியும். இதில் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பு பற்றி நாளைக்குக் கேள்வி வந்தால் அந்தப் பதிவு இருக்கத்தான் வேண்டும், ஆசிரியர்மீது பொய்ப் புகார் வந்தாலும் அவரைக் காப்பாற்றப்போவது அதே பதிவுதான்.

ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். வேல்ஸில் ஒரு கல்லூரி ஊழியரின் தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பயன்பாட்டை அவருக்குத் தெரிவிக்காமலே நிர்வாகம் கண்காணித்தது, அந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. கோப்லண்ட் வழக்கு என்பார்கள், 2007-இல் தீர்ப்பு, ஊழியர் பக்கம்தான் வந்தது. கண்காணிப்பார்கள் என்று அவருக்கு எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை, தன் அழைப்புகள் தனக்குரியவை என்று அவர் எதிர்பார்த்ததில் நியாயம் இருக்கிறது என்றது நீதிமன்றம். கேமரா விஷயத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில் 2010-இல் வெளியே வந்ததைக் கேட்டால் மனசு பதறும். தொலைந்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்கப் போட்ட மென்பொருள் வழியாக, மாணவர்களின் லேப்டாப்களிலிருந்து 56,000-க்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. திரையில் இருந்ததும் உண்டு, வெப்கேம் எடுத்ததும் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து நான் என் குரோம்புக் கேமராவுக்கு ஒரு மூடி ஒட்டிவைத்தேன், வகுப்புக்கு மட்டும் திறப்பேன். என் பள்ளியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வீட்டுக்குள் கொண்டுவருகிற கருவி அது.

இதிலிருந்து வருகிற நடைமுறைப் பாடம்: உங்கள் சொந்த விஷயம் எதையும் பள்ளிக் கணக்கில் வைக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், டாக்டர் ரிப்போர்ட், வேறு வேலைக்கான விண்ணப்பம் எதுவும் வேண்டாம். என் சக ஆசிரியை ஒருவர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவசரத்துக்குப் பள்ளி மின்னஞ்சலில் அனுப்பி வாங்கியிருந்தார். யாரும் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வால்ட் பற்றி நான் சொன்ன அன்றைக்கு அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

சரி, என் தவறுக்கு வருகிறேன். ஃபைல்களைச் சேமிக்கிற கூகுள் டிரைவில் ஒரு ஷீட் வைத்திருந்தேன், வகுப்பு முழுக்க மதிப்பெண், கடைசி நெடுவரிசையில் என் குறிப்புகள். ‘அப்பா அம்மா பிரிந்திருக்கிறார்கள், வீட்டுப்பாடம் கேட்டு வற்புறுத்த வேண்டாம்’ என்பது மாதிரியான குறிப்புகள். பிள்ளைகள் நம்மை நம்பிச் சொல்வது. எனக்குப் பதிலாக இரண்டு வாரம் வகுப்பெடுக்க வந்த ஆசிரியைக்கு இன்னும் பள்ளிக் கணக்கு வரவில்லை. கேட்டால் நாலு நாள் ஆகும் என்றார்கள். நான் ஷேர் பொத்தானை அழுத்தி, ‘இணைப்பைப் பெற்றுள்ள எவரும்’ என்று மாற்றி, லிங்க்கை அனுப்பிவிட்டேன். பத்து நொடி வேலை. மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி அதே ஷீட்டில் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தபோது மேல் மூலையில் மூன்று மிருகப் படங்கள் தெரிந்தன. பெயர் குறிப்பிட்டு அழைக்காமல் லிங்க் வழியாக மட்டும் வந்து பார்ப்பவர்களை அது அப்படித்தான், பெயர் தெரியாத மிருகங்களாகக் காட்டும். அந்த ஆசிரியை போயே ஒரு வாரம் ஆகிவிட்டது. யார் அந்த மூன்று பேர்?

கை நடுங்கியது என்று எழுதினால் மிகையில்லை. உடனே ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று மாற்றினேன், மிருகங்கள் மறைந்தன. அதோடு விட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். அப்புறம் தலைமையாசிரியருக்குப் பள்ளி மின்னஞ்சலிலேயே எழுதினேன், எந்த ஃபைல், எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதியிலிருந்து திறந்திருந்தது, என்னென்ன குறிப்புகள் அதில் இருந்தன என்று. மறுநாள் விசாரித்ததில் மாணவர்களிடமே லிங்க் போயிருந்தது தெரிந்தது. அந்த ஆசிரியை மதிப்பெண்ணைச் சரிபார்க்கச் சொல்லிக் வகுப்புக்கே அனுப்பியிருக்கிறார், நல்ல எண்ணத்தோடுதான். இரண்டு பெற்றோரை நேரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் புரிந்துகொண்டார். இன்னொருவருக்கு ஆறவில்லை, அவர் கோபம் நியாயமானது.

இதற்குப் பிறகு பள்ளி செய்த இரண்டு மாற்றங்களுக்காகவே இந்தச் சேவைக்கு நான் நல்ல மதிப்பெண் தருகிறேன். ஒன்று, ஊழியர் ஃபைல்களைப் பள்ளிக்கு வெளியே பகிர்வதை அட்மின் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். அட்மின் கன்சோலில் அந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது, யாரும் தொடவில்லை. இரண்டு, தற்காலிக ஆசிரியர்களுக்கு வந்த அன்றே கணக்கு தரும்படி ஏற்பாடு செய்தார்கள். எனக்கு முதல் மாற்றத்தைவிட இரண்டாவது பெரிதாகப் படுகிறது. பகிர்வதை மட்டும் நிறுத்தியிருந்தால் அடுத்த ஆள் அதே ஷீட்டை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், அது இன்னும் மோசம்.

கூடவே ஷேர்டு டிரைவுக்கு மாறினோம், இதை எல்லாப் பள்ளிக்கும் சிபாரிசு செய்வேன். என் டிரைவில் நான் உருவாக்கும் ஃபைல் என் கணக்குக்குச் சொந்தம், நான் போனால் அதுவும் சிக்கலாகும். ஷேர்டு டிரைவில் இருப்பது பள்ளிக்குச் சொந்தம், ஆள் மாறினாலும் அங்கேயே இருக்கும். பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் தொகுப்பு ஓய்வுபெற்ற ஒருவரின் கணக்கோடு காணாமல் போன கதை எங்கள் பள்ளியில் நடந்தது. அழித்த கணக்கை 20 நாளுக்குள் அட்மின் மீட்கலாம், அந்த 20 நாளுக்குள் யாருக்கும் அந்த ஃபைல் ஞாபகம் வரவில்லை.

மாணவர்களோடு பேசுகிற விஷயத்தில் கிளாஸ்ரூமை மனசாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு பாடப்பணிக்கும் கீழே தனிக் கருத்து எழுதும் இடம் இருக்கிறது, மாணவரும் ஆசிரியரும் மட்டும் பார்ப்பது, வகுப்பில் இணை ஆசிரியர் இருந்தால் அவரும் பார்ப்பார். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. தனியாகப் பேசலாம், ஆனால் பூட்டிய அறை கிடையாது. வகுப்புப் பக்கத்தில் மாணவர்கள் எழுதி அழித்த கருத்தையும் ஆசிரியர் பார்க்க முடியும், கேலி, மிரட்டல் எல்லாம் வந்தால் இது பெரிய உதவி. ஒரு பையன் ராத்திரி பதினொரு மணிக்குப் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ‘வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை’ என்று எழுதினான். காலையில்தான் பார்த்தேன். பள்ளி ஆலோசகரை இணைத்து அன்றைக்கே பேச முடிந்தது, எழுதிய நேரம் உட்பட எல்லாம் பதிவாக இருந்தது. அதே செய்தி என் சொந்த வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால்? ராத்திரியே பதில் போட்டிருப்பேன், தனியாக, யாருக்கும் தெரியாமல், அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல். எண்ணைக் கொடுக்காதே என்ற விதி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பெற்றோருக்கு விடுபட்ட பாடப்பணிகளின் சுருக்கம் தானாக மின்னஞ்சலில் போகும் வசதியும் கிளாஸ்ரூமில் உண்டு. அதைப் போட்டுவிட்டதும் ‘டீச்சர், ஹோம்வொர்க் என்ன?’ என்று எனக்கு வரும் அழைப்புகள் பாதிக்குமேல் குறைந்தன. ஜிமெயிலில் ஒரு சின்னக் குறிப்பு: அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் முதலில் 5 நொடிதான் இருக்கும், அமைப்புகளில் போய் 30 ஆக்கிவையுங்கள். பெயரின் முதல் எழுத்தை அடித்ததும் அது தானாக நிரப்புகிற முகவரி தப்பாக இருந்தால், அந்த 30 நொடிதான் உங்களைக் காப்பாற்றும்.

வடிகட்டி பற்றி. எங்கள் பள்ளியின் இணைய வடிகட்டி (கூகுளுடையது கிடையாது, தனியாக வாங்கியது) ரொம்பக் கெடுபிடி. இனப்பெருக்க மண்டலம் பாடம் நடத்தும்போது படம் ஒன்றும் திறக்காது. இரண்டாம் உலகப் போர் பற்றித் தேடினால் பாதித் தளங்களில் ‘வன்முறை’ என்று நிற்கும். ஒரு நாள் பொறுமை போய், என் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை குரோம்புக்கில் இணைத்து, புரொஜெக்டரில் ஒரு வீடியோவை ஓட்டினேன். வீடியோ அருமையான வீடியோ. அதற்கு முன்னால் வந்த விளம்பரம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதது. ஐந்து நொடி, நாற்பது பிள்ளைகள், பெரிய திரை. புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினேன். வடிகட்டி எனக்கு எரிச்சல்தான், இன்றைக்கும் எரிச்சல்தான். ஆனால் அதைத் தாண்டிப் போனதும் அந்தத் திரையில் வருவதற்கெல்லாம் நான் ஒருவரே பொறுப்பு என்பது அந்த ஐந்து நொடியில் தெரிந்தது. சரியான வழி என்ன என்றால், எந்தத் தளம் வேண்டும், எந்தப் பாடத்துக்கு என்று முந்தின வாரமே கேட்டுத் திறக்க வைப்பது. எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு படிவம் இருந்தது, பதில் வர ஐந்து நாள் ஆகும். ஐந்து நாள் என்பது அதிகம். ஒரு நாளில் திறந்துதர முடியாத பள்ளி, ஆசிரியர் ஹாட்ஸ்பாட் போடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட முடியாது.

புரொஜெக்டர் என்றதும் இன்னொன்று. குரோம்புக்கை அதில் இணைத்தால் திரையைப் ‘பிரதி’ செய்வதற்குப் பதிலாக ‘நீட்டி’ வைத்துக்கொள்ளுங்கள். பாடம் பெரிய திரையில், வருகைப் பதிவும் மின்னஞ்சலும் உங்கள் திரையில். செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக்தான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஸ்டாஃப் ரூம் பழக்கங்கள் எனக்குக் கவலை தருகின்றன. ‘நான் லீவு, என் லாகினில் போய் மார்க் போட்டுவிடு’ என்று சொல்வது நட்பாகத் தெரியும். ஆனால் அந்த லாகினில் போய் யார் எதைச் செய்தாலும் பதிவில் உங்கள் பெயர்தான் நிற்கும். பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மாணவர் தகவல் அமைப்பை உலகத்தில் எத்தனையோ பள்ளிகள் பயன்படுத்துகின்றன. 2024 டிசம்பரில் திருட்டுப்போன ஒரு லாகின் வழியாக அதன் உதவி மையத் தளத்துக்குள் நுழைந்து மாணவர், ஆசிரியர் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், பல பள்ளிகளில் எப்போதோ படித்து முடித்தவர்களின் விவரங்களும் அதில் போயின. ஒரு லாகின்தான். எங்கள் பள்ளியில் இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) கட்டாயமாக்கியபோது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள், ஏனென்றால் சரிபார்ப்பு சொந்த ஃபோனுக்குத்தான் வரும். என் அளவுகோல்படி இதுவும் ஒரு சின்ன நழுவல்தான், ஆனால் வருவது ஒரு குறியீடு, பிள்ளைகளின் விவரம் ஏதும் வருவதில்லை, இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஃபோன் கொடுக்க விரும்பாதவர்களுக்குச் சின்ன யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கித் தரலாம், பள்ளி அதைச் செய்யவில்லை.

அப்புறம் இலவசத் தளங்கள். வினாடி வினா, ஃபிளாஷ் கார்டு, ஓவியப் பலகை என்று நல்ல நல்ல தளங்கள் வருகின்றன, ‘கூகுள் கணக்கில் நுழைக’ என்று ஒரு பொத்தான், முப்பது பிள்ளைகளையும் ஒரே பீரியடில் உள்ளே அனுப்பிவிடலாம். நானும் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தளம் பிள்ளைகளின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி என்ன செய்கிறது என்று நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் என்ற ஊரில், தன் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கின் வழியாக யூடியூப் கணக்கும் பெயரோடு உருவாகிவிட்டதைப் பார்த்து ஒரு தந்தை புகார் கொடுத்தார். அந்தப் புகார் வளர்ந்து, 2022 ஜூலையில் அந்த நகராட்சிப் பள்ளிகள் கூகுள் ஒர்க்ஸ்பேஸையே பயன்படுத்தக் கூடாது என்று நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு தடை போடுகிற வரைக்கும் போனது. பிள்ளைகளின் தரவுக்கு என்ன ஆபத்து என்று நகராட்சி முன்கூட்டியே ஒழுங்காக ஆராயவில்லை என்பதே முக்கியமான குற்றச்சாட்டு. ஜிமெயில், டிரைவ், கிளாஸ்ரூம் போன்ற அடிப்படைச் சேவைகளுக்கு ஒரு விதி, யூடியூப் போன்ற கூடுதல் சேவைகளுக்கு வேறு விதி என்பது கூகுளின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வகுப்பில் நிற்கிற ஆசிரியருக்கு இரண்டும் ஒரே கணக்காகத்தான் தெரியும். இந்த வித்தியாசம் பொத்தானைப் பார்த்ததும் தெரியும்படி இல்லாதது இந்தச் சேவையின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே கதைதான். பள்ளிக் கணக்கில் கூகுளின் சாட்பாட்டான ஜெமினையைப் பயன்படுத்தினால் நாம் எழுதுவதை வைத்து மாடலைப் பயிற்றுவிப்பதில்லை என்கிறது கூகுள், சொந்தக் கணக்கில் அந்த உறுதி கிடையாது. ரிப்போர்ட் கார்டுக் குறிப்பு எழுதும் வாரத்தில் சோர்ந்துபோய், பிள்ளையின் பெயர், மதிப்பெண், குடும்பப் பிரச்சினை எல்லாவற்றையும் சொந்த ஃபோனில் இருக்கிற ஏதோ ஒரு சாட்பாட்டில் ஒட்டி ‘நாலு வரி எழுதிக் கொடு’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பெயரை எடுத்துவிட்டு, பள்ளிக் கணக்கிலேயே கேளுங்கள்.

இனி இந்த மொத்த ஏற்பாடும் தோற்ற இடம்: புகைப்படம். விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, வகுப்பில் செய்த சார்ட், எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்வார்கள், மாலைக்குள் பள்ளிப் பக்கத்தில் போடணும் என்பார்கள். குரோம்புக் கேமராவில் ஓடுகிற பிள்ளையைப் படம் எடுக்க முடியுமா? முடியாது. பள்ளியில் ஒரே ஒரு டேப்லெட், அது எப்போதும் அலுவலகத்தில். அதனால் எல்லோரும் சொந்த ஃபோனில்தான் எடுத்தோம். விதித்தாளில் ‘சொந்தக் கருவியில் மாணவர் படம் எடுக்கக் கூடாது’ என்று அச்சடித்திருக்கிறது, அதில் கையெழுத்து வாங்கியவர்களே ‘டீச்சர், ஃபோட்டோ அனுப்பிட்டீங்களா?’ என்று கேட்டார்கள். எடுத்த படம் ஃபோனில் மட்டும் நிற்பதில்லை, பேக்கப் தானாகப் போய்விடும், அப்புறம் குடும்ப ஆல்பத்துக்குள் முகம் வாரியாகப் பிரித்து வைத்துவிடும். படம் எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்த பெற்றோரின் பிள்ளையும் ஓரத்தில் நின்றிருப்பாள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கணக்குக்கும் கிளாஸ்ரூமுக்கும் நாலரை, குரோம்புக்குக்கு நாலு, பள்ளி அதை நடத்திய விதத்துக்கு மூன்று. அந்த மூன்றும் தற்காலிக ஆசிரியருக்கு அன்றே கணக்கு கொடுத்ததற்காக. புதிதாக வாங்கப்போகிற பள்ளிகளுக்கு நான் சொல்வது, கருவிகளோடு சேர்த்து மாடிக்கு ஒரு கேமராவோ டேப்லெட்டோ, சுற்றுலாவுக்கு ஒரு பள்ளி ஃபோன், தளங்களைத் திறந்துதர ஒரு ஆள், இந்த மூன்றையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

ஒப்படைக்கிற அன்றைக்கு ஐடி பார்க்கிறவர் குரோம்புக்கை வாங்கி, கணக்கிலிருந்து என்னை வெளியேற்றி, ஷேர்டு டிரைவில் என் பெயரை நீக்கி, கிளாஸ்ரூம் வகுப்புகளை இன்னொரு ஆசிரியை பெயருக்கு மாற்றினார். எல்லாம் இருபது நிமிஷம். ‘சொந்த ஃபோனில் பள்ளி சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா மேடம்?’ என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார், வழக்கமாக எல்லோரும் ‘இல்லை’ என்று டிக் போடும் கேள்வி. நான் அங்கேயே உட்கார்ந்து கேலரியைத் திறந்தேன். நாலு வருஷத்து விழாக்கள், 317 படங்கள். பள்ளிக்கு வேண்டியவற்றை ஷேர்டு டிரைவில் ஏற்றக் கொடுத்துவிட்டு, மீதியை ஃபோனிலிருந்தும் பேக்கப்பிலிருந்தும் குப்பையிலிருந்தும் அழிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சில படங்களை அழிக்க மனசே வரவில்லை, முதல் பரிசு வாங்கிய அன்றைக்குப் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளைகள். அழித்தேன். அவர் படிவத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

புதுப் பள்ளியிலும் முதல் நாளே ஒரு தாள் நீட்டினார்கள், மூன்று பக்கம். இந்த முறை அங்கேயே நின்று முழுக்கப் படித்தேன், வரிசையில் பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். படித்துவிட்டு, விழாவில் படம் எடுக்க எந்தக் கேமரா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்றார்.